நான்காவது ரெகுலேட்டர் வாங்குவதற்கு முன்

கேள்வி: வணக்கம் அண்ணே. என்னிடம் 1996ஆம் ஆண்டு ஹார்லி சாஃப்ட்டெயில் இருக்கிறது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஃப்ரேமுக்குப் பவுடர் கோட்டிங் அடித்து, ஒற்றை இருக்கை போட்டு, ஒரு வயர்கூட வெளியில் தெரியாதபடி அழகாகச் செய்து வைத்திருந்தார். வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. அதற்குள், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மூன்று போட்டாகிவிட்டது. முதலாவது சார்ஜ் ஏற்றாமல் போனது. இரண்டாவது 16 வோல்ட்டைத் தாண்டி, ஹெட்லைட் பல்பை எரித்து, பேட்டரியையும் உப்ப வைத்துவிட்டது. மூன்றாவது போட்டு இரண்டு மாதம்தான். கிளம்பும்போது 14.2 காட்டுகிறது, அரை மணி நேரம் ஓட்டினால் 12.5க்கு இறங்கிவிடுகிறது. போன மாதம் மலாக்காவிலிருந்து திரும்பும்போது பாகோ ஓய்விடத்தில் வண்டி படுத்துவிட்டது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். நான்காவதாக எந்த ரெகுலேட்டர் வாங்கலாம்? இணையத்தில் குரோம் பூசியது மலிவாகக் கிடைக்கிறது, அது போதுமா? படங்கள் இணைத்திருக்கிறேன். – ஈசூன் வாசகர்

பதில்:

தம்பி, நான்காவது ரெகுலேட்டரை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களை வெகுநேரம் பார்த்தேன். மூன்று ரெகுலேட்டர் மூன்று விதமாகப் போயிருக்கிறது, ஆனால் மூன்றும் இருந்த இடம் ஒன்றுதான். அந்த இடத்தையும் அதற்குப் போகும் வயர்களையும் சரிசெய்யாமல், உலகத்திலேயே விலை உயர்ந்த ரெகுலேட்டரைக் கொண்டுவந்து மாட்டினாலும் அதுவும் செத்துப்போகும்.

உங்கள் இரண்டாவது படத்தில், இருக்கைக்கு அடியில் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி தெரிகிறது. அதற்குள்தானே ரெகுலேட்டர்? கம்பெனியில் அதை வண்டியின் முன்பக்கம், ஃப்ரேமின் இரண்டு குழாய்களுக்கும் நடுவில், காற்று நேராக வந்து அடிக்கிற இடத்தில் வைத்தார்கள். வண்டியை அழகுபடுத்தியவருக்கு அந்த வரிவரியான கறுப்புக் கட்டி கண்ணை உறுத்தியிருக்கும். அதைக் கழற்றி உள்ளே ஒளித்துவிட்டார். அவர் கைவேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, வயரிங்கை அவ்வளவு சுத்தமாக மறைப்பது லேசான காரியமில்லை. ஆனால் சாஃப்ட்டெயிலில் எண்ணெய்த் தொட்டி குதிரை லாடம் மாதிரி வளைந்து பேட்டரியைச் சுற்றி நிற்கிறது. நம் சிங்கப்பூர் வெயிலில், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் அந்த எண்ணெயின் சூடு 100 டிகிரியை நெருங்கும். அதன் பக்கத்தில், காற்றே புகாத பெட்டிக்குள், தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் உட்கார்ந்திருக்கிறது ரெகுலேட்டர்.

அதற்கு அப்படி என்ன சூடு என்று கேட்பீர்கள். எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டர் தருவது ஏசி, அதாவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம். அதைப் பேட்டரி ஏற்கும் ஒரே திசை மின்சாரமான டிசியாக மாற்றுவதும் ரெகுலேட்டரின் வேலைதான். உள்ளே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகளில் எந்த நேரமும் இரண்டைத் தாண்டித்தான் மின்சாரம் பேட்டரிக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 வோல்ட்டை விழுங்கிக்கொள்ளும். 20 ஆம்ப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 40 வாட் சூடாகவே வெளியேறுகிறது. நாங்கள் ஈயம் வைக்கும் சாலிடரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. ஒரு சாலிடரிங் அயர்னை ஆன் செய்து தகரப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு மலாக்காவுக்குப் போய் வருவதாக நினைத்துப் பாருங்கள். இது போதாதென்று, பழைய மோட்டார்சைக்கிள்களில் அதிகம் இருப்பது ஷண்ட் வகை ரெகுலேட்டர். வண்டிக்குத் தேவைப்படாத மின்சாரத்தை அது தன் வழியாகவே எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் மைனஸோடு சேர்ந்த வண்டி உலோகத்துக்குத் திருப்பிவிடும். அந்த வகை இருக்கும் வண்டியில் எல்லா விளக்கையும் எல்இடியாக மாற்றினால் ரெகுலேட்டருக்கு ஓய்வு என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. விளக்கு எடுத்துக்கொள்ளாத மின்சாரமும் சேர்ந்து அதன் தலையில் விழுகிறது.

உங்கள் இரண்டாவது ரெகுலேட்டர் 16 வோல்ட்டுக்கு ஏறியதற்கு இந்தச் சூட்டைத்தான் சந்தேகப்படுகிறேன். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி வெந்துபோனால் ஸ்டேட்டர் தருவதெல்லாம் தடையில்லாமல் பேட்டரிக்குப் போய்விடும். அந்த ரெகுலேட்டர் இன்னும் உங்களிடம் இருந்தால் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே ஊற்றியிருக்கும் கறுப்புப் பிசின் தார் மாதிரி உருகி வழிந்தோ, வீங்கி வெடித்தோ இருந்தால் அது சூட்டில் செத்தது.

சரி, மற்ற இரண்டுக்கும் வருவோம். இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். காக்கி புக்கிட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்கள் வண்டி மாதிரியே ஃப்ரேமுக்கு முழுக்கப் பவுடர் கோட்டிங் அடித்த ஒரு ஹார்லி வந்தது. சார்ஜ் குறைவு. ரெகுலேட்டரை மாற்றினேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. பொருள் சரியில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லி இன்னொன்று மாற்றினேன். மறுபடியும் வந்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனப் பெரியவர் ஒன்றும் பேசாமல் வந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் சிவப்பு முனையை ரெகுலேட்டரின் உடம்பிலும் வைத்தார். இரண்டும் எர்த்துதானே, பூஜ்யம்தானே காட்டும் என்று நினைத்தேன். ஆக்சிலேட்டரைத் திருகியதும் மீட்டர் 0.9 என்றது. எஞ்சினை அணைக்கச் சொன்னார். ரெகுலேட்டரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, அது உட்காரும் இடத்திலிருந்த பெயின்டைக் கத்தி முனையால் சுரண்டினார். மின்சாரத்தை விடாத, கண்ணாடி மாதிரி கெட்டியான பூச்சு, சில்லுச் சில்லாகத் தெறித்தது. அடியில் வெள்ளை இரும்பு தெரிந்ததும் போல்ட்டை இறுக்கி மறுபடி அளந்தார். 0.05. அந்த வாடிக்கையாளருக்கு இரண்டாவது ரெகுலேட்டரின் காசைத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல பொருளைக் கெட்டது என்று சொல்லிவிட்டேனே என்ற வருத்தம் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தது.

அந்த 0.9 ஏன் முக்கியம்? உங்கள் வண்டியில் ரெகுலேட்டருக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான். தன் வெளிவரும் வயருக்கும் தன் உடம்புக்கும் நடுவில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதை மட்டுமே அது பார்க்கும். பேட்டரி முனையில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அது 14.3 கண்டதும் வேலை முடிந்தது என்று நிறுத்திக்கொள்ளும். எர்த்தில் 0.9 வோல்ட் தொலைந்து, பிளஸ் வயரின் மோசமான இணைப்பில் இன்னொரு அரை வோல்ட்டும் தொலைந்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 12.9. ரெகுலேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது, பேட்டரி பட்டினி கிடக்கிறது. உங்கள் முதல் ரெகுலேட்டர் இப்படித் தூக்கி எறியப்பட்ட நல்ல ரெகுலேட்டராக இருந்திருக்கலாம்.

இப்போது இருக்கும் மூன்றாவது, குளிர்ந்திருக்கும்போது 14.2, சூடானதும் 12.5. இதற்கு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ரெகுலேட்டர், எர்த், எஞ்சின் கேஸின் முன்பக்க இடது மூலையில் இருக்கும் இரண்டு பின் பிளக். இந்தப் பிளக்கைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்டேட்டரின் மின்சாரம் முழுவதும் அந்தச் சின்ன பிளக் வழியாகத்தான் வெளியே வருகிறது. எஞ்சின் அதிர்வில் அது நாளடைவில் தளரும். எண்ணெய் கசிந்து உள்ளே இறங்கும். இழுத்துப் பார்த்தால் ரப்பர் கருகிய வாடை வரும், பித்தளைப் பின் பழுப்பு நிறத்தில் இருக்கும். இறுக்கமாக ‘கிளக்’ என்று உட்காராமல் விரலால் ஆட்டினால் ஆடுகிற பிளக், சூடானதும் தொடர்பை விட்டுவிடும்.

அதனால் முதலில் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள். சிம் லிம் டவரில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைக்கும். எஞ்சினை ஓட்டி அளக்க வேண்டியவற்றை மட்டும் பட்டறையில் வைத்துச் செய்யுங்கள். நிறுத்தி வைத்த வண்டியின் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். மூடிய இடத்தில் அந்தப் புகை ஆபத்தும்கூட.

எஞ்சின் ஓடாமல் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். இரவு முழுக்கச் சும்மா இருந்த பேட்டரி காலையில் 12.6க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டரை அழுத்தும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. விழுந்தால் பேட்டரியை மாற்றுங்கள், ஏனென்றால் கெட்ட பேட்டரியை வைத்துக்கொண்டு அளக்கும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. 16 வோல்ட் வாங்கி உப்பிய பேட்டரியைத்தான் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து அதைச் சார்ஜ் போட்டு மீட்க முயலாதீர்கள், இன்றே கழற்றிவிடுங்கள். அப்புறம் அந்த முன்பக்கப் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் பக்கம் இருக்கும் இரண்டு பின்களில் ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் நடுவில் ஓம் அளந்து பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. கொஞ்சம் காட்டினாலும் ஸ்டேட்டர் சுருள் எர்த்தில் ஷார்ட் ஆகியிருக்கிறது. இரண்டு பின்னுக்கும் நடுவில் 0.1 முதல் 0.2 ஓம் இருக்க வேண்டும். இவ்வளவு சின்ன எண்ணைச் சாதாரண மீட்டர் துல்லியமாகக் காட்டாது. அதனால் முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் கழன்ற நிலையிலேயே அந்த இரண்டு பின்னுக்கும் நடுவில் ஏசி வோல்ட் பாருங்கள். உங்கள் வண்டியில் இருப்பது 1989இலிருந்து வந்த 32 ஆம்ப் ஆல்டர்னேட்டர், அதாவது ஸ்டேட்டரும் அதைச் சுற்றி ஓடும் காந்த ரோட்டரும் சேர்ந்தது. நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு 16 முதல் 20 வோல்ட் என்ற கணக்கில், 2000 சுற்றில் 32 முதல் 40 வரை வர வேண்டும். இதை ஒரு முறை குளிர்ந்த எஞ்சினிலும், ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தும் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடானதும் இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கிற ஸ்டேட்டர்கள் உண்டு. உங்கள் வண்டியின் நோய் சூட்டில் வருவதால் சூட்டில்தான் அதைப் பிடிக்க முடியும். பிறகு பிளக்கை மாட்டி, பெரியவர் செய்தது போல எர்த்தை அளந்து பாருங்கள். 3000 சுற்றில், ஹெட்லைட் எரியும்போது, 0.2க்கு மேல் போகக் கூடாது. அதே போல ரெகுலேட்டரின் வெளிவரும் வயருக்கும் பேட்டரியின் பிளஸுக்கும் நடுவில் பாருங்கள். அங்கே வரும் வழியில் 30 ஆம்ப் சர்க்யூட் பிரேக்கர் ஒன்று இருக்கும். அதன் இரண்டு நட்டும் பச்சை பூத்துக் கிடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் கெட்டது, நிற்காவிட்டால் நல்லது என்று பார்க்கும் பழக்கம் ஒன்று நெடுஞ்சாலை ஓரங்களில் இன்னும் இருக்கிறது. பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்ட் எகிறி, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் மாட்யூலையும் சேர்த்துக் கொன்றுவிடும். நல்ல மனதோடு உதவ வருகிறவர்தான் இதைச் செய்வார், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அளந்து பார்த்து ரெகுலேட்டர்தான் என்று உறுதியானால், 1989 முதல் 1999 வரையிலான எவல்யூஷன் எஞ்சின் பெரிய ஹார்லிகளுக்கு என்று சொல்லி விற்கும், இரண்டு வயர் சிங்கிள் ஃபேஸ், 32 ஆம்ப் ரெகுலேட்டரை வாங்குங்கள். அதற்கு முந்தைய வண்டிகளுக்கான 22 ஆம்ப் ரெகுலேட்டர் வேண்டாம். பின்னால் வந்த மூன்று வயர் த்ரீ ஃபேஸ் ரெகுலேட்டரை வயர் வெட்டிப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம். குரோம் பூசியதை வாங்காதீர்கள். பளபளப்பான பரப்பைவிடக் கறுப்புப் பரப்பு சூட்டை நன்றாக வெளியே விடும். ஏற்கனவே சூட்டில் தவிக்கிற ஒன்றுக்கு அந்தப் பளபளப்பு பாரம்தான். பெயர் தெரியாத மலிவுப் பொருளை வாங்கிப் போட்டுக்கொண்டு மலேசியப் பக்கம் போகாதீர்கள். லாரிக்குக் கொடுத்த காசில் ஒரு நல்ல ரெகுலேட்டர் வந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

மாட்டும் இடம் முன்பக்கம்தான். வண்டியின் தோற்றம் கெட்டுவிடும் என்று கவலைப்படுகிறீர்கள் என்றால், இரண்டு குழாய்களுக்கும் நடுவில் எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு கீழே, மங்கிய கறுப்புப் பட்டை ஒன்று செய்து அதில் மாட்டுங்கள். முன் சக்கரத்தின் நிழலில் பாதி மறைந்துவிடும். மழை படுமே என்று பயப்பட வேண்டாம், பிசின் ஊற்றி அடைத்திருப்பது அதற்காகத்தான். போல்ட் உட்காரும் இடத்தில் பவுடர் கோட்டிங்கை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, துரு பிடிக்காமல் மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். அதோடு நிறுத்தாமல், ரெகுலேட்டரின் உடம்பிலிருந்து நேராகப் பேட்டரி மைனஸுக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று தனியாக இழுத்துவிடுங்கள். பவுடர் கோட்டிங் அடித்த ஃப்ரேமை நம்பி எர்த் விடுவதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. வயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள், முனையைச் சரியான கருவியால் நசுக்கி இணைக்க வேண்டும். முன்பக்கப் பிளக் ஆடுகிறது என்றால் புது ரெகுலேட்டரின் பிளக் இறுக்கமாக உட்காருகிறதா பாருங்கள். கழன்று வராமல் பிடித்துக்கொள்ளும் சின்ன கிளிப் ஒன்று விற்கிறார்கள், அதையும் போட்டுவிடுங்கள்.

ஹெட்லைட்டைப் பகலில் அணைத்து வைத்தால் பேட்டரிக்கு மிச்சமாகுமே என்று சிலர் ஸ்விட்ச் வைத்துக்கொள்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மோட்டார்சைக்கிளுக்குப் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்று 1995 நவம்பரிலிருந்து இங்கே சட்டம், பக்கத்தில் வரும் லாரிக்காரர் உங்களைப் பார்ப்பதும் அதனால்தான். 60 வாட் விளக்கு எடுப்பது 5 ஆம்புக்கும் குறைவு. 32 ஆம்ப் ஆல்டர்னேட்டருக்கு அது ஒரு சுமையே இல்லை. ஜொகூர் கடற்பாலத்தில் வெகுநேரம் ஐடிலில் ஊரும்போது மட்டும் சார்ஜ் குறையும். வரிசை முழுதாக நின்றுவிட்டால் எஞ்சினை அணைத்துவிடுங்கள், எஞ்சினுக்கும் நல்லது.

ஒருவேளை ஸ்டேட்டர்தான் போயிருக்கிறது என்று மீட்டர் சொன்னால், பிரைமரி, அதாவது எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் இருக்கும் பெட்டியின் எண்ணெயைக் கொஞ்சம் வடித்து முகர்ந்து பாருங்கள். உங்கள் எஞ்சினில் ஸ்டேட்டர் இருப்பது பிரைமரிக்குள்தான், சுருள் கருகியிருந்தால் எண்ணெயிலேயே தீய்ந்த வாடை அடிக்கும். அதை மாற்ற பிரைமரி மூடி, செயின், கிளட்ச், ரோட்டர் எல்லாம் கழன்று வர வேண்டும். ரோட்டரின் காந்தம் விரலை நசுக்கும் அளவுக்கு இழுக்கும், வீட்டில் முயல வேண்டாம். யாரிடம் கொடுத்தாலும் ஸ்டேட்டரைப் பிடிக்கும் நான்கு ஸ்க்ரூவையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய ஸ்க்ரூ ஒன்று தளர்ந்து உள்ளே விழுந்தால் புது ஸ்டேட்டரும் ரோட்டரும் சேர்ந்து போகும்.

அடுத்த பயணத்துக்கு முன் ஆறு எண்களை எழுதி எனக்கு அனுப்புங்கள்: காலையில் பேட்டரி வோல்ட், ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட், குளிர்ந்த எஞ்சினில் ஏசி, சூடான எஞ்சினில் ஏசி, எர்த்தில் தொலையும் வோல்ட், பிளஸில் தொலையும் வோல்ட். முன்பக்கப் பிளக்கின் உள்பக்கத்தைக் கிட்டத்திலிருந்து ஒரு படம் எடுத்து அதோடு சேர்த்துவிடுங்கள்.